கிறுகிறுப்புக்கெல்லாம் பித்தம் காரணமில்லை

ஆனைமலைப் பக்கம் ஒருவருக்குத் திடீரென்று தலை சுற்றினால் வீட்டில் முதலில் எழும் சொல் பித்தம். உடனே எலுமிச்சம்பழச் சாறு, இல்லாவிட்டால் இஞ்சிச் சாறு. அடங்கவில்லையா, மருந்துக் கடையில் "கிறுகிறுப்புக்கு ரெண்டு மாத்திரை குடுங்க". அதற்கும் அடங்காவிட்டால் மறுநாள் காலையில் பொள்ளாச்சிக்கு பஸ். இப்படி வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு உயிருக்கு ஆபத்தான எதுவும் இருப்பதில்லை. சிக்கலே அதுதான். பலருக்கு ஒன்றும் ஆகாமல் போவதால், சிறுமூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டவருக்கும் அதே எலுமிச்சைதான் பிழியப்படுகிறது. மருத்துவமனைக்கு அவர் தாமதமாக வந்து சேர்வதற்குக் காரணம் தூரமல்ல, பித்தம் என்ற முடிவு.

எப்படிச் சுற்றியது என்பதை விட்டுவிடுங்கள்

வீடே சுற்றுகிறது, கண் இருட்டுகிறது, கால் தள்ளாடுகிறது என்று ஒரே ஆள் ஒரே நாளில் மூன்று விதமாகச் சொல்வார். அந்த வர்ணனையை வைத்து நோயைப் பிடிக்க முடியாது. என்ன செய்துகொண்டிருந்தபோது வந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது, கூடவே வேறென்ன இருந்தது என்ற மூன்று விவரங்கள்தான் வழிகாட்டும். படுக்கையில் புரளும்போதோ, பரண்மேல் பாத்திரம் எடுக்க அண்ணாந்தபோதோ வந்து ஒரு நிமிடத்துக்குள் அடங்கினால், பெரும்பாலும் உள்காதில் இடம் பெயர்ந்த நுண்ணிய சுண்ணாம்புத் துகள்களின் வேலை. உட்கார்ந்து எழும்போது மட்டும் கண் இருட்டினால் ரத்த அழுத்தம் இறங்குகிறது. வெயிலில் நீர் வற்றியதோ, பிரஷர் மாத்திரையோ, புராஸ்டேட் மாத்திரையோ காரணமாக இருக்கலாம். சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிட்டு விரதமிருந்தவருக்கு வியர்த்து, கை நடுங்கித் தலை சுற்றினால் சர்க்கரை இறங்கிவிட்டது. அங்கே மட்டும், நினைவோடு விழுங்க முடிகிறவருக்கு, ஒரு கை சர்க்கரை கொடுப்பது சரியான முதலுதவி. காது இரைச்சலும் கேட்கும் திறன் குறைவதுமாகச் சில மணி நேரம் நீடிப்பது வேறொரு காது நோய். படபடப்போடு கண் இருட்டி விழுந்தால் இதயத் துடிப்பைப் பார்க்க வேண்டும். பெண்களின் நாள்பட்ட கிறுகிறுப்புக்குப் பின்னால் ரத்தசோகை இருப்பதும் சாதாரணம். தோப்பில் பூச்சிமருந்து அடித்துவிட்டு வந்தவருக்குக் கிறுகிறுப்போடு எச்சில் ஊறி, கண்பாவை சுருங்கினால் அது விஷம். மோர் கொடுத்துப் படுக்க வைக்காமல், உடையைக் கழற்றி, உடம்பை சோப்புப் போட்டுக் கழுவி, மருந்து டப்பாவையும் கையில் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

எலுமிச்சை வாங்கிய நல்ல பெயர்

"குடிச்சதும் நின்னுடுச்சுங்களே" என்பார்கள். நின்றது உண்மைதான். உள்காதுத் துகள்களால் வரும் சுற்றல் தானாகவே ஒரு நிமிடத்தில் நிற்கும். பழத்தை நறுக்கிப் பிழிவதற்குள் அது நின்றிருக்கும், பெயர் பழத்துக்குப் போகும். சாறோடு போகட்டும் என்று விடவும் முடியவில்லை, ரத்தக்கொதிப்பு உள்ளவருக்கு அதில் உப்பை அள்ளிப் போடுகிறார்கள். பிரஷர்தான் ஏறிவிட்டது என்று தாங்களாகவே இன்னொரு மாத்திரை போட்டுக்கொள்பவர்களும் உண்டு. அழுத்தம் இறங்கியதால் சுற்றியவருக்கு அந்த மாத்திரை என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. காதில் காய்ச்சிய எண்ணெய் விடுவதால் உள்காதுக்கு எந்தப் பலனும் இல்லை, செவிப்பறை வேண்டுமானால் வெந்துபோகும். படித்தவர்கள் பித்தம் என்று சொல்வதில்லை, கழுத்தெலும்பு தேய்மானம் என்பார்கள். ஐம்பதைத் தாண்டியவர்களில் பெரும்பாலோருக்குக் கழுத்து எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரியும். தெரிவதாலேயே அதுதான் காரணம் என்று ஆகிவிடாது. தேய்மானம்தான் காரணம் என்று நம்பி மாதக்கணக்கில் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு திரிகிறார்கள்.

உள்காதுத் துகள்களுக்குச் சரியான வைத்தியம் மாத்திரையும் அல்ல. தலையையும் உடம்பையும் குறிப்பிட்ட வரிசையில் திருப்பி, துகள்களைப் பழைய இடத்துக்கே கொண்டு சேர்க்கும் முறையை அமெரிக்கக் காது மருத்துவர் ஜான் எப்லி 1992-ல் மருத்துவ இதழில் எழுதினார். மருந்தில்லாமல் சரியாகுமா என்று சக மருத்துவர்களே முதலில் நம்பவில்லை. இன்று உலகமெங்கும் அதுதான் வைத்தியம், சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஆனால் இங்கே புரோகுளோர்பெரசினையும் சின்னரிசினையும் கடையில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விழுங்குகிறார்கள். அவை சில நாட்களுக்கான மருந்துகள். நீட்டித்தால் மூளை தானாகச் சமநிலைக்குத் திரும்புவதைத் தடுக்கும். வயதானவர்களுக்குக் கை நடுக்கமும் உடல் இறுக்கமும் வந்து, பார்க்கின்சன் நோய் போலவே தோன்றும். பழைய மருந்துச் சீட்டைக் காட்டி வாங்குவதும் இதே தவறுதான்.

நான்கரை மணி நேரம்

நிற்காமல் சுற்றுகிறது, பிடிக்காமல் நிற்க முடியவில்லை, நடந்தால் ஒரு பக்கம் சாய்கிறது, பொருள் இரண்டாகத் தெரிகிறது, பேச்சு குழறுகிறது, விழுங்கினால் புரையேறுகிறது, திடீரென்று பிடரியில் கடுமையான வலி. இவற்றில் ஒன்று இருந்தாலும் பக்கவாதம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். கையும் காலும் விழவில்லையே என்று கேட்கலாம். ரத்தக்குழாய் அடைப்பால் வரும் பக்கவாதங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று மூளையின் பின்பகுதியைத் தாக்குகிறது. அதில் முகம் கோணாமல், கை தளராமல், தள்ளாட்டம் மட்டுமே இருக்கலாம். வாந்தியும் சேர்ந்தால் சாப்பாடு சேரவில்லை என்று விட்டுவிடுகிறார்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். ஸ்கேன் எடுத்தோம், நார்மல் என்ற சமாதானமும் முழுமையல்ல. முதல் சில மணி நேரங்களில் மூளையின் பின்பகுதி அடைப்பு சி.டி. ஸ்கேனில் தெரியாமல் போவதுண்டு. கண் அசைவையும் நடையையும் சோதித்து, தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள்.

அந்த ஊசிக்குக் கோவை போக வேண்டியிருந்தால், பொள்ளாச்சியிலிருந்து அது ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர். அந்தப் பயண நேரத்தையும் கணக்கில் சேர்த்துத்தான் கிளம்ப வேண்டும். விடியட்டும், பையன் திருப்பூரிலிருந்து வரட்டும் என்று தயவுசெய்து காத்திருக்காதீர்கள். பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை நன்றாகத்தான் இருக்கிறோமே என்று நிறுத்திவிடாதீர்கள். மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் 2021 முதல் அவை வீட்டுக்கே வருகின்றன, வாங்கி டப்பாவில் போட்டு வைப்பதற்காக அல்ல. பீடியை விடுங்கள். கிறுகிறுப்பு வருகிறவரை மரமேறவோ வண்டி ஓட்டவோ விடாதீர்கள். தள்ளாடுகிறவருக்குத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். அவர் கடைசியாக நன்றாக இருந்த மணியைக் குறித்துக்கொண்டு, சாப்பிடும் மாத்திரைகளையும் எடுத்துக்கொண்டு 108-ஐ அழையுங்கள்.