மோட்டார் சைக்கிளின் கழுத்தில் எண்ணெய் வழிகிறதா?

கத்திரி வெயில் கொளுத்துகிறது. வாசலில் மோட்டார் சைக்கிள் நிற்கிறது. சாப்பாட்டை முடித்துவிட்டு வண்டியை எடுக்கப் போகிறீர்கள். ஹேண்டில் பாருக்குக் கீழே, கழுத்துப் பகுதியிலிருந்து பழுப்பு நிற எண்ணெய் வழிந்திருக்கிறது. முன் மட்கார்டின் மேல் சொட்டி, தூசி படிந்து, மை போல அப்பிக் கிடக்கிறது. நேற்று அது இல்லை!

"வண்டியில் ஏதோ உடைந்து விட்டது" என்று சிலர் பயந்து விடுகிறார்கள். வேறு சிலர் துணியால் துடைத்துவிட்டு, அதை மறந்து விடுகிறார்கள். இரண்டுமே சரியல்ல.

முன் சக்கரம் இடமும் வலமும் திரும்புவதற்காக, வண்டியின் கழுத்தில் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு பேரிங்குகள் இருக்கின்றன. மெக்கானிக்குகள் இதைக் "கோன் செட்" என்பார்கள். பல வண்டிகளில், கிண்ணம் போன்ற வளையத்துக்குள் எஃகுக் குண்டுகள் வரிசையாக இருக்கும். சாதாரண சைக்கிளிலும் இதே ஏற்பாடுதான். சில வண்டிகளில் குண்டுக்குப் பதிலாகச் சிறு உருளைகள் இருக்கும். தேய்மானம் வராமல் இருக்க, இவற்றின் நடுவே கிரீஸ் வைத்து அடைத்திருப்பார்கள்.

கிரீஸ் என்பது என்ன?

கெட்டியான எண்ணெய் என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையில், எண்ணெயோடு ஒருவகை சோப்பைச் சேர்த்தே பெரும்பாலான கிரீஸ்களைச் செய்கிறார்கள். குளிக்கிற சோப்பு அல்ல! லித்தியம், கால்சியம் போன்ற உலோகங்கள் சேர்ந்த சோப்பு. பஞ்சு தண்ணீரைப் பிடித்து வைப்பது போல, இந்த சோப்பு எண்ணெயைப் பிடித்து வைத்திருக்கிறது. சூடு ஏறினால் எண்ணெய் இளகி, மெல்லக் கசிகிறது.

வேலூரிலும் திருத்தணியிலும் மே மாதத்தில் வெயில் 40 டிகிரி செல்சியசைத் தாண்டுவது உண்டு. அது நிழலில் அளந்த கணக்கு. வெயிலில் நிற்கும் கறுப்பு இரும்பு இன்னும் எவ்வளவோ அதிகமாகச் சுடும்.

ஆனால், லித்தியம் கிரீஸ் உருகி ஓட சுமார் 180 டிகிரி சூடு வேண்டும். வெயில் அவ்வளவு அடிப்பதில்லையே! பிறகு ஏன் வழிகிறது? அளவுக்கு மேல் கிரீசைத் திணித்திருக்கலாம். அந்த உபரி வெளியே வந்தால் கவலை இல்லை. பழைய கிரீசைக் கழுவாமல், அதன் மேலேயே வேறு வகைக் கிரீசை வைத்திருக்கலாம். ஒத்துப்போகாத இரண்டு வகைகள் கலந்தால் கூழ் போல் இளகி விடும். தூசி புகாமல் தடுக்கும் ரப்பர் சீல் கிழிந்திருக்கலாம்.

வழிவதை விட, உள்ளே காய்ந்து போவதே ஆபத்து. வண்டி பெரும்பாலும் நேராகவே ஓடுகிறது. அதனால் குண்டுகள் ஒரே இடத்தில் நின்று அழுத்துகின்றன. அங்கே விலகிய கிரீஸ் திரும்பி வருவதில்லை. பள்ளத்தில் விழும்போதெல்லாம் அதே இடத்தில் அடி! நாளடைவில் கிண்ணத்தில் குழி விழுகிறது. அப்புறம் ஹேண்டில் பாரைத் திருப்பினால், நேராக வரும் இடத்தில் "டக்" என்று பிடிக்கும். வளைவில் வண்டி சொன்னபடி கேட்காது.

வீட்டிலேயே பார்க்கலாம். வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஒருவர் பின்பக்கத்தை அழுத்தினால் முன் சக்கரம் தூக்கும். ஹேண்டில் பாரை மெல்ல இடமும் வலமும் திருப்புங்கள். எங்கும் தடுக்கக் கூடாது. பிறகு முன் போர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால், கோன் செட்டைக் கவனிக்க வேண்டும்.

இன்னொன்றையும் பார்த்து விடுங்கள். எண்ணெய் கழுத்திலிருந்து வராமல், போர்க்கின் பளபளப்பான கம்பியில் வளையம் போலத் தெரிகிறதா? அது கிரீஸ் அல்ல, போர்க் ஆயில்! அது வழிந்து பிரேக்கில் பட்டால் பிரேக் பிடிக்காது. அன்றைக்கே ஒர்க்‌ஷாப்புக்குப் போக வேண்டிய விஷயம் இது.

வண்டியைத் தண்ணீர் பீச்சிக் கழுவுகிறவர்கள், கழுத்தின் மேல் நேராகப் பீச்ச விடாதீர்கள். தண்ணீர் உள்ளே போனால் குண்டுகள் துருப்பிடிக்கும்.

கழற்றிப் பார்த்ததில் குழி தெரிந்தால், குண்டுகளை மட்டும் மாற்றிப் பயனில்லை. கிண்ணங்களோடு முழுச் செட்டையும் மாற்ற வேண்டும். மேல் நட்டை அதிகமாக முறுக்கினால் வண்டி அலையும். தளர விட்டால் தட்டும். புதுக் கோன் செட் சில நாள் ஓடிய பின் சற்றுத் தளரும். அப்போது ஒருமுறை கொண்டுபோய் நட்டைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.