எழுத்து சொல்லும் வயது

சிலாபத்தை அடுத்த முன்னேஸ்வரம் சிவன் கோயிலில் ஒரு தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. கோட்டை இராச்சியத்தை ஆண்ட ஆறாம் பராக்கிரமபாகு 15ஆம் நூற்றாண்டில் கோயிலுக்கு அளித்த மானியத்தை அது பதிவுசெய்கிறது. மன்னனின் 38ஆம் ஆட்சியாண்டு என்று காலமும் அதிலேயே குறிக்கப்பட்டுள்ளது. தொல்லெழுத்தியலுக்கு இப்படிப்பட்ட கல்வெட்டுகளே அளவுகோல். ஆண்டு குறிக்காத சாசனம் ஒன்று கிடைத்தால், அதன் எழுத்து வடிவங்களைக் காலம் தெரிந்தவற்றோடு ஒப்பிட்டு வயதைக் கணிப்பார்கள்.

இங்கிலாந்தின் புகழ்பெற்ற பழங்காவியம் பேயோவுல்ஃப். அதன் ஒரே கையெழுத்துப் பிரதியில் ஆண்டு இல்லை. கி.பி. 1000ஐ ஒட்டி எழுதப்பட்டது என்பதும், எழுதியவர்கள் இருவர் என்பதும் முக்கியமாகக் கையெழுத்தை ஆராய்ந்தே தெரியவந்தன.

தமிழ் ஏடுகளில் இந்த ஆய்வு இன்னும் நுட்பமானது. ஓலை கிழியும் என்பதால் எழுத்தாணியால் பெரும்பாலும் புள்ளி குத்தமாட்டார்கள். ரகரத்துக்கும் காலுக்கும் ஒரே வடிவம். குறிலுக்கும் நெடிலுக்கும் ஒரே ஒற்றைக் கொம்பு. ஆகவே கொம்பு, பகரம், கால் என மூன்று குறிகள் நின்றால், அதைப் பெர, பெர், பேர, பேர், பொ, போ என்று ஆறு விதமாக வாசிக்கலாம். எது சரி என்பதை முன்பின் சொற்களே தீர்மானிக்கும்.

நெடிலுக்கு இரட்டைக் கொம்பு வந்தது 18ஆம் நூற்றாண்டில், வீரமாமுனிவரின் சீர்திருத்தத்தால். அது காணப்படும் ஏடு அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. ஆனால் ஒற்றைக் கொம்பு மட்டுமே உள்ள ஏட்டைப் பழையது என்று அடித்துச் சொல்லவும் முடியாது; பழைய வழக்கத்தைப் பலர் பிறகும் விடவில்லை.

அரபு எழுத்தில் தமிழை எழுதிய அரபுத்தமிழ்க் கிதாபுகளையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். அரபியில் இல்லாத ட, ப, ள போன்ற ஒலிகளுக்காக அரபு எழுத்துகளில் புள்ளிகளையும் குறிகளையும் கூட்டினார்கள். எந்த ஒலிக்கு எந்தக் குறி, அதை எங்கே இடுகிறார் என்று தொடர்ந்து கவனித்தால் எழுதியவரின் பழக்கம் பிடிபடும்.

புத்தளம், கற்பிட்டிப் பக்கத்து வீடுகளில் இத்தகைய ஏடோ கிதாபோ இருந்தால், பிரதி எடுத்தாயிற்று என்று மூலத்தைக் கைவிடாதீர்கள். பிரதியில் பாடம் மிஞ்சும். எழுதியவரின் கையும் காலமும் மூலத்தில்தான் இருக்கின்றன. மங்கிய எழுத்தின்மேல் மையிட்டுத் திருத்தாமல், ஓரக்குறிப்புகளும் விழும்படி எல்லாப் பக்கங்களையும் படமெடுத்து வையுங்கள்.