ஒரு பானை, ஒரு துணிப்பை: வீட்டில் பீர் தயாரிப்போர் அறிய வேண்டியவை

முளைகட்டி உலர்த்திய பார்லியை வெந்நீரில் ஊறவைத்து, அதன் இனிப்புச் சாற்றைப் பிரித்து, ஹாப்ஸ் பூக்களோடு கொதிக்கவிட்டு, ஆறியபின் ஈஸ்ட் சேர்த்து நொதிக்க வைத்தால் கிடைப்பது பீர். முழுத் தானியத்திலிருந்து இதை வீட்டில் செய்ய நீண்ட காலம் மூன்று பாத்திரங்கள் தேவைப்பட்டன: வெந்நீருக்கு ஒன்று, தானியம் ஊற ஒன்று, சாறு கொதிக்க ஒன்று. இந்தப் பாடு வேண்டாம் என்று நினைத்தவர்கள் தகர டப்பாவில் விற்கும் மால்ட் பாகை வாங்கிச் சர்க்கரை கலந்து நொதிக்க வைத்தார்கள்.

2000-களின் நடுப்பகுதியில் ஆஸ்திரேலிய வீட்டுத் தயாரிப்பாளர்கள் மூன்று பாத்திரங்களின் வேலையை ஒன்றுக்குள் அடக்கினார்கள். 'ப்ரூ இன் எ பேக்' எனப்படும் அந்த முறையில், திரைச்சீலைக்குப் பயன்படும் மெல்லிய வாயில் துணியில் தைத்த பை பெரிய பானைக்குள் விரிக்கப்படுகிறது. தேவையான தண்ணீர் முழுவதையும் ஊற்றிச் சூடாக்கி, உடைத்த தானியத்தைக் கொட்டி, 65 முதல் 67 டிகிரி செல்சியஸில் சுமார் ஒரு மணி நேரம் வைக்கிறார்கள். பிறகு பையைத் தூக்கி வடியவிட்டு, அதே பானையில் சாற்றைக் கொதிக்க வைக்கிறார்கள். கிரெய்ன்ஃபாதர், ப்ரூஸில்லா போன்ற மின்சாரக் கொப்பரைகளில் துணிப்பைக்குப் பதில் துளையிட்ட எஃகுக் குழாய் இருக்கிறது. செலவும் இடமும் குறைந்ததால் அடுக்குமாடி வீடுகளிலும் இந்த முறை நுழைந்துவிட்டது.

பாத்திரங்கள் குறைந்தாலும் ஆபத்துகள் குறையவில்லை. கொதிக்கும் திரவம், கனமான சுமை, மின்சாரம் ஆகிய மூன்றும் இப்போது ஒரே பானையைச் சுற்றிச் சேர்ந்திருக்கின்றன. சட்டத்தின் எல்லைகளும் அப்படியே இருக்கின்றன.

சட்டம் எங்கே அனுமதிக்கிறது?

ஒருவர் எந்த நாட்டுக் குடிமகன் என்பதை விட, எந்த இடத்தில் பானையை அடுப்பில் ஏற்றுகிறார் என்பதே இங்கு முக்கியம். வீட்டில் பீர் தயாரிக்கும் உரிமை பல நாடுகளில் சமீப காலத்தில் வந்தது. பிரிட்டனில் வீட்டில் பீர் தயாரிக்க உரிமம் பெற வேண்டும் என்ற விதி 1963-இல்தான் நீக்கப்பட்டது. ஆஸ்திரேலியாவில் 1970-களின் தொடக்கத்தில் தடை தளர்ந்தது. அமெரிக்காவில் அதிபர் ஜிம்மி கார்ட்டர் 1978 அக்டோபரில் கையெழுத்திட்ட சட்டம் 1979 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. ஆனாலும் மாநிலங்கள் தனித்தனியே தடை விதிக்க முடிந்ததால், அலபாமாவிலும் மிசிசிப்பியிலும் 2013 வரை வீட்டுப் பீர் சட்டவிரோதமாகவே இருந்தது.

அளவிலும் நாட்டுக்கு நாடு வேறுபாடு உண்டு. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி, வயதுவந்த ஒருவர் மட்டும் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 100 கேலன், இருவரோ அதற்கு மேலோ உள்ள வீட்டில் 200 கேலன் வரை வரியின்றித் தயாரிக்கலாம். 200 கேலன் என்பது சுமார் 757 லிட்டர். சிங்கப்பூரில் 18 வயது நிரம்பியவர்கள் ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் வரை சொந்தப் பயன்பாட்டுக்குத் தயாரிக்கலாம். ஆஸ்திரேலியாவில் வணிகத்துக்கு உரிய கருவிகளைப் பயன்படுத்தாமல், விற்பனை நோக்கமின்றித் தயாரித்தால் கலால் வரி கிடையாது.

இந்த நாடுகள் எல்லாவற்றுக்கும் பொதுவான எல்லைகள் இரண்டு. முதலாவது, விற்பனை. பாட்டிலுக்குப் பணம் வாங்கினால் சொந்தப் பயன்பாட்டுக்கான விலக்கு போய்விடும். 'செலவில் பங்கு' என்று பெயர் மாற்றி வசூலிப்பதும் சிக்கலில் மாட்டிவிடலாம். இரண்டாவது, காய்ச்சி வடித்தல். நொதித்த பீரிலிருந்து சாராயம் இறக்குவது அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் உரிமம் இல்லாமல் செய்தால் குற்றம்; சொந்தமாகக் குடிக்கத்தான் என்ற வாதம் எடுபடாது. 1996 முதல் இதை அனுமதிக்கும் நியூசிலாந்து ஓர் அரிய விதிவிலக்கு.

இந்தியாவில் மதுபானம் மாநிலப் பட்டியலில் உள்ள பொருள். தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் உரிமமின்றி மது தயாரிப்பதைத் தடை செய்கிறது. அரசு நடத்தும் டாஸ்மாக் கடைகளில் பீர் விற்கப்படுவதால் அதை வீட்டில் தயாரிக்கும் உரிமை யாருக்கும் வந்துவிடவில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தால் 60-க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, அச்சட்டத்தின் தண்டனைகள் மேலும் கடுமையாக்கப்பட்டன. சிட்னியிலோ சிங்கப்பூரிலோ சட்டப்படி செய்து பழகியதை, விடுமுறையில் ஊருக்கு வந்து சொந்த வீட்டில் செய்து காட்டினால் அது குற்றம்.

கள்ளக்குறிச்சிச் சாவுகளை நினைத்து, வீட்டுப் பீரிலும் மெத்தனால் உருவாகுமோ என்று அஞ்சுவோர் உண்டு. நொதித்தலில் மெத்தனால் பெரும்பாலும் பழங்களிலுள்ள பெக்டினிலிருந்து வருகிறது. தானியத்தில் பெக்டின் மிகக் குறைவு என்பதால் பீரில் அது ஆபத்தான அளவை எட்டுவதில்லை. கள்ளச்சாராயச் சாவுகளுக்குக் காரணம், தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கான மெத்தனாலைக் கலப்பது. வீட்டுப் பீரின் ஆபத்துகள் வேறு வகையானவை.

கொதிக்கும் பானை

துணிப்பை முறையில் பையைத் தூக்கும் நேரத்தில் கை எளிதில் வெந்துபோகலாம். 5 கிலோ தானியம் ஊறியபின் 8 முதல் 10 கிலோ வரை கனக்கும். அதிலிருந்து 65 டிகிரிக்கு மேல் சூடான, ஒட்டும் தன்மையுள்ள சாறு ஒழுகிக்கொண்டே இருக்கும். தூக்குவதற்கு முன் அடுப்பை அணைக்க வேண்டும். கையால் தூக்கிப் பிடிப்பதை விட, தலைக்கு மேலே உறுதியான கொக்கியில் கப்பி கட்டிக் கயிற்றால் இழுப்பது பாதுகாப்பானது. முழங்கை வரை வரும் சூடு தாங்கும் கையுறையும் மூடிய காலணியும் அவசியம். பானைக்குள் அடியில் கம்பித் தட்டு வைத்தால் துணி கருகி ஓட்டை விழாது.

சாறு கொதி நிலையை எட்டும்போது நுரை திடீரெனப் பொங்கும். 30 லிட்டர் சாற்றுக்கு 40 லிட்டர் பானையாவது வேண்டும். ஹாப்ஸைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும். குழந்தைகளும் வளர்ப்பு விலங்குகளும் அந்தப் பக்கம் வரக் கூடாது. எடுத்து எறியும் ஹாப்ஸ் சக்கையை நாய் தின்றால் அதன் உடல் வெப்பம் உயிரைப் பறிக்கும் அளவுக்கு ஏறக்கூடும். சக்கையை மூடிய குப்பைத்தொட்டியில் போட வேண்டும்.

மின்சாரமும் வாயுவும்

ஆஸ்திரேலியாவில் விற்கும் மின்கொப்பரைகளில் பல 2,400 வாட் வரை இழுக்கும். அங்குள்ள சாதாரண 10 ஆம்பியர் பிளக்கின் முழுத் திறன் அவ்வளவுதான். மெல்லிய நீட்டிப்பு வயரில் இணைத்தால் வயர் உருகித் தீப்பிடிக்கலாம். ஈரமான இடத்தில் வேலை நடப்பதால், மின்கசிவு ஏற்பட்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு ஸ்விட்ச் வீட்டு இணைப்பில் இருக்க வேண்டும்.

புரோபேன் அடுப்பை வீட்டுக்குள்ளோ மூடிய கார் கொட்டகையிலோ பயன்படுத்தக் கூடாது. அது வெளிவிடும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ இல்லை. தலைவலி, குமட்டல், தலைசுற்றல் வந்தால் உடனே திறந்த வெளிக்கு வர வேண்டும்.

20 லிட்டர் பீர் நொதிக்கும்போது சுமார் 400 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. பல நாட்களில் மெல்ல வெளியேறுவதால் காற்றோட்டமுள்ள அறையில் இது பிரச்சினை இல்லை. ஆனால் பீப்பாய்க்கு அழுத்தம் கொடுக்கும் வாயு சிலிண்டர் சிறிய மூடிய அறையில் கசிந்தால் மூச்சுத் திணறி உயிர் போகலாம்.

ஆறவைக்கும் குறுக்குவழி

கொதித்த சாற்றைக் குளிர்விக்கத் தண்ணீரை வீணாக்க மனமில்லாத ஆஸ்திரேலியர்கள் இன்னொரு எளிய வழியையும் பரப்பினார்கள். சாற்றைச் சூடாகவே பிளாஸ்டிக் கேனில் நிரப்பி, காற்றில்லாமல் மூடி, தானாக ஆற விடுவது அது. கேன் உணவுத் தரமுள்ள, சூடு தாங்கும் எச்.டி.பி.இ. பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டியது காலம். கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியாவின் விதைத்துகள்கள் கொதிநீரிலும் சாவதில்லை. காற்றில்லாத, அமிலத்தன்மை குறைந்த இடத்தில் அவை முளைத்து நரம்பைத் தாக்கும் நஞ்சை உண்டாக்கும். அமிலத்தன்மையின் பி.எச். அளவு 4.6-க்குக் கீழே இருந்தால் அவை வளர்வதில்லை. நொதிக்காத சாற்றின் அளவோ 5-க்கு மேல். ஆகவே சாறு ஆறியதும், அதாவது மறுநாளே, ஈஸ்ட் சேர்த்துவிட வேண்டும். வாரக்கணக்கில் அலமாரியில் அடுக்கி வைப்பது ஆபத்து. நொதித்து முடிந்த பீரில் அமிலமும் ஆல்கஹாலும் ஹாப்ஸும் சேர்ந்து நோய்க்கிருமிகளைத் தடுக்கின்றன.

வெடிக்கும் பாட்டில்கள்

பாட்டிலில் நுரை உண்டாக, அடைக்கும்போது லிட்டருக்குச் சுமார் 6 முதல் 8 கிராம் சர்க்கரை சேர்ப்பது வழக்கம். சர்க்கரை கூடினாலோ, நொதித்தல் முடியும் முன்பே அடைத்தாலோ, காட்டு ஈஸ்ட் கலந்தாலோ அழுத்தம் ஏறிக் கண்ணாடி சிதறும். கண்ணில் சில்லு பாய்ந்தால் பார்வை போகலாம்.

குமிழ் நின்றுவிட்டது என்பதை மட்டும் வைத்து நொதித்தல் முடிந்ததாக எண்ணக் கூடாது. அடர்த்திமானியில் இரண்டு மூன்று நாட்கள் தொடர்ந்து ஒரே அளவு காட்ட வேண்டும். பீருக்கென்றே செய்த தடித்த பாட்டில்களில் மட்டும் அடைக்க வேண்டும். ஒரு பாட்டில் வெடித்திருந்தால் அதே தொகுதியின் மற்றவையும் வெடிக்கலாம். பாதுகாப்புக் கண்ணாடியும் தடித்த கையுறையும் அணிந்து, பெட்டியை அதிகம் அசைக்காமல் குளிரூட்டி, பின்னர் ஒவ்வொன்றாக மூடியைத் தளர்த்த வேண்டும்.

சுத்தம் செய்யும் ரசாயனங்களிலும் கவனம் தேவை. ப்ளீச்சையும் அமிலக் கிருமிநாசினியையும் கலந்தால் குளோரின் வாயு வெளியாகும். காஸ்டிக் சோடாவைப் பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் அணியாமல் தொடக் கூடாது.

குடிப்பவர் அறிய வேண்டியவை

வீட்டுப் பாட்டிலில் ஆல்கஹால் அளவைச் சொல்லும் லேபிள் இல்லை. நொதிப்பதற்கு முன்னும் பின்னும் அடர்த்தியை அளந்து, வித்தியாசத்தை 131.25-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ சதவீதம் கிடைக்கும். 1.048-இலிருந்து 1.010-க்கு இறங்கிய பீரில் சுமார் 5 சதவீதம் ஆல்கஹால் இருக்கும். ஆஸ்திரேலியக் கணக்கில் 10 கிராம் ஆல்கஹால் ஒரு 'நிலையான பானம்'. 375 மில்லி பாட்டிலில் பீர் 5 சதவீதமாக இருந்தால் அது ஒன்றரைப் பானம். 7 சதவீதமாக இருந்தால் இரண்டுக்கும் சற்று மேல். அங்கு வாகனம் ஓட்டுவோரின் ரத்தத்தில் அனுமதிக்கப்படும் உச்ச அளவு பொதுவாக 0.05 சதவீதம். விருந்தினருக்குக் கொடுப்பவர் பாட்டிலில் ஆல்கஹால் சதவீதத்தையும் பார்லி கலந்திருப்பதையும் எழுதி ஒட்ட வேண்டும்; சீலியாக் நோய் உள்ளவர்களுக்குப் பார்லி ஆகாது.

வீட்டில் செய்தது 'இயற்கையானது' என்பதால் உடலுக்குக் கேடில்லை என்ற எண்ணம் தவறு. ஆல்கஹால் புற்றுநோயை உண்டாக்கும் என உறுதியான பொருட்களின் முதல் பிரிவில் உள்ளது. பாதுகாப்பான குடி அளவு என்று ஒன்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் தெளிவுபடுத்தியது. கர்ப்பிணிகள் அறவே தவிர்க்க வேண்டும். 20 லிட்டர் பீர் எப்போதும் வீட்டில் இருப்பதே, குடியைக் குறைக்க முயல்பவருக்குப் பெரிய தடை.

கருவி பழுதானால்

ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டப்படி விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும். பாதுகாப்பற்ற கொப்பரை போன்ற பெரிய குறைபாடு இருந்தால், பணத்தைத் திரும்பப் பெறுவதா, மாற்றுப் பொருள் வாங்குவதா என்பதை வாங்கியவரே முடிவு செய்யலாம். 'பணம் திருப்பித் தரப்படாது' என்ற பலகை இந்த உரிமையைப் பறிக்காது. கடைக்காரர் மறுத்தால் மாநில நுகர்வோர் அலுவலகத்தையும், அடுத்து தீர்ப்பாயத்தையும் அணுகலாம். பிரிட்டனில் குறையுள்ள பொருளை 30 நாட்களுக்குள் திருப்பி முழுப் பணம் பெறலாம். சிங்கப்பூரில் பொருள் கைக்கு வந்த 6 மாதங்களுக்குள் தெரியும் குறை, தொடக்கத்திலேயே இருந்ததாகக் கருதப்படும். அப்படி இல்லை என்று நிரூபிப்பது விற்றவரின் பொறுப்பு. அமெரிக்காவில் ஆபத்தான கருவி பற்றி நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்திடம் புகார் செய்யலாம். ரசீது, பழுதின் படம், கடைக்கு அனுப்பிய கடிதம் ஆகியவற்றைப் பத்திரப்படுத்த வேண்டும். பழுதான கருவியைத் தானே பிரித்துச் சரிசெய்ய முயன்றால் உயிருக்கும் ஆபத்து, உரிமைக்கோரிக்கையும் பலவீனப்படும்.

விபத்து நேர்ந்தால்

வெந்த இடத்தை உடனே ஓடும் குளிர்ந்த தண்ணீரில் 20 நிமிடங்கள் காட்ட வேண்டும். ஐஸ், பற்பசை, எண்ணெய், பேனா மை எதையும் வைக்கக் கூடாது. தோலோடு ஒட்டாத துணியையும் நகையையும் கழற்றிவிட வேண்டும். முகம், கை, மூட்டு வெந்தாலோ, உள்ளங்கையை விடப் பெரிய காயமானாலோ மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பார்வை இரட்டையாகத் தெரிவது, இமை தொங்குவது, பேச்சு குழறுவது, விழுங்க முடியாமல் போவது ஆகியவை பாட்டுலினம் நஞ்சின் அறிகுறிகள். ஒரு மணி நேரமும் காத்திருக்கக் கூடாது. அவசர உதவிக்கு ஆஸ்திரேலியாவில் 000, அமெரிக்காவில் 911, பிரிட்டனில் 999, சிங்கப்பூரில் 995. ரசாயனத்தை யாராவது விழுங்கிவிட்டால் ஆஸ்திரேலியாவில் 13 11 26 என்ற நச்சுத் தகவல் மைய எண்ணை அழைத்து, ரசாயனப் புட்டியின் லேபிளைப் படித்துச் சொல்ல வேண்டும்.