புல்லட்டின் குதிகால் நெம்புகோல்

கல்கத்தா லேக் மார்க்கெட்டிலிருந்து வாசக அன்பர் ஒருவர், தம் தந்தையாரின் பழைய என்ஃபீல்ட் புல்லட்டில் கியர் மிதிக்குப் பக்கத்தில் நீண்டிருக்கும் சிறு நெம்புகோலால் என்ன பிரயோஜனம் என்றும், மெக்கானிக் அதைக் கழற்றிவிடச் சொல்வது சரிதானா என்றும் கேட்டிருக்கிறார். கழற்றக் கூடாது என்பதே என் திடமான அபிப்பிராயம்.

யுத்தத்துக்குப் பின் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் உருவாகி, 1949-ல் வெளிவந்து, 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸாரின் கூட்டுறவோடு என்ஃபீல்ட் இந்தியா தோன்றியதன் பயனாகத் திருவொற்றியூரிலேயே தயாராகத் தொடங்கிய இந்த 346 சி.சி. வண்டியின் தீர்க்காயுளையும், நெடும்பிரயாணத்தில் முதுகைக் காக்கும் அதன் பின்சக்கர ஸ்விங் ஆர்மையும் புகழாதவர் இல்லை. நெம்புகோலைத்தான் யாரும் நினைப்பதில்லை.

வலக்காலால் முதல் கியருக்கு மேலே தூக்கி, மற்ற மூன்றுக்கும் கீழே அழுத்த வேண்டிய அந்த வண்டியில், நியூட்ரல் ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடையே இருக்கிறது. மிதி ஒரு ராட்செட்டின் மூலமாக ஒரு தடவைக்கு ஒரு படியே நகர்த்துமாதலால், ராஷ்பிகாரி முனையில் திடீரென்று பஸ் குறுக்கிட்டால், நான்காவது கியரில் வருகிறவர் படிப்படியாகத்தான் இறங்க வேண்டும். நெம்புகோலோ ராட்செட்டைச் சாராமல் கியர் மாற்றும் தண்டிலேயே பிணைந்தது. மிதியால் கியர் மாற்றும்போதெல்லாம் அதுவும் கூடவே அசைவதைக் காணலாம். கிளட்சைப் பிடித்துக் குதிகாலால் அதை அழுத்தினால், நான்கோ மூன்றோ இரண்டோ, எந்தக் கியரிலிருந்தும் வண்டி நேரே நியூட்ரலுக்கு வந்துவிடும். முதல் கியரிலிருந்து மட்டும் வராது. மூன்றாம் மாடியிலிருந்து படியிறங்காமல், என் தாயார் கயிற்றில் கூடையை இறக்கிக் காய்கறி வாங்கிய சௌகரியம் அது.

பிற்காலத்து ஐந்து கியர் வண்டிகளில் இது கிடையாது. இருக்கிற வண்டிகளிலும் இதை வீண் என்று அகற்றிவிட்டு, சைலன்ஸரைக் குடைந்து தெருவையே அதிரவைப்பதுதான் புல்லட்டுக்குச் செய்யும் மரியாதை என்று இளைஞர்கள் எண்ணுவது வருத்தத்துக்குரியது. ஒரு யந்திரத்தை நேசிப்பதாவது, அதன் ஒவ்வோர் உறுப்பும் எதற்காக வைக்கப்பட்டது என்று அறிவதே.

அன்பருக்கு ஒரு வேண்டுகோள்: நெம்புகோல் நியூட்ரலைத் தாண்டிப்போனாலோ, எட்டாமல் நின்றாலோ, கியர் பெட்டி மூடியின் முன்புறம் ஒரு போல்ட்டால் இறுக்கிய, மையம் விலகிய சிறு தடைவட்டைத் தளர்த்தித் திருப்பி, சரியான இடத்தில் மறுபடி முடுக்கச் சொல்லுங்கள்; புதிய உதிரிபாகம் எதுவும் வேண்டியதில்லை.