வேலிக்கால் கற்பித்த பாடம்

சென்ற விடுமுறையில் தோப்புக்கு வேலிக்கால் வார்க்கும் பொறுப்பை அப்பா எனக்களித்தார். கட்டடப் பொறியியல் மாணவனல்லவா! பலகைகளை ஆப்பிட்டு இறுக்கி அச்சுச் செய்தேன். உட்புறம் எண்ணெய் தடவினால் ஒட்டாது. அதே அச்சு மறுபடியும் உதவும். சிமென்ட் ஒரு பங்கு, மணல் இரண்டு, ஜல்லி நான்கு. நடுவில் ஒரே கம்பி.

முள்கம்பியை இழுத்துக் கட்டியதும் முதற்கால் வெடித்தது. காங்கிரீட் அழுத்தத்தைத் தாங்கும்; இழுவிசைக்குத் தளரும். கால் வளைகையில் இழுவிசை மிகுவது விளிம்பிலே. நடுக்கம்பி என் செய்யும்? தேர்வில் இதையே எழுதி மதிப்பெண் பெற்றவன் நான்!

பிறகு நான்கு மூலையிலும், 2 செ.மீ. உள்ளே தள்ளி, கம்பி வைத்தேன். மறுநாள் அச்சைப் பிரித்து, 14 நாள் ஈரச்சாக்குப் போர்த்தினேன். அக்கால்கள் இன்றும் நிமிர்ந்து நிற்கின்றன, நண்பர்களே! உடைந்த காலையும் அப்பா எறியவில்லை. திண்ணையோரம் எனக்காகவே வைத்திருக்கிறார்.