பூட்டும் நேரத்தையும் கணக்கில் சேருங்கள்

2020 இல் வாகன இறக்குமதி நின்றதும் பழைய கார்களுக்கு விலை ஏறியது. ராகலையில் கடை நடத்தும் நானும் ஆசைப்பட்டு ஒரு மொரிஸ் மைனரை வாங்கிப் போட்டேன். 1948 முதல் 1970களின் தொடக்கம் வரை பிரித்தானியாவில் செய்த கார். 1990களில் அதன் பாகங்கள் இலங்கையிலேயே செய்யப்பட்டு அங்கு ஏற்றுமதியாகின.

எஞ்சின் வேலை முடிந்தது. டைனமோ, காபரேட்டர், வோட்டர் பம்ப் பூட்டுவதுதான் மீதி. ஒரு நாள் வேலைதானே என்று நாள் குறித்து, ஒருவரிடம் முற்பணமும் வாங்கிவிட்டேன்.

கழற்றிய ஆணிகளெல்லாம் ஒரே டின்னில் கிடந்தன. எது எங்கே என்று தேடவே மூன்று நாள் போனது. பூட்டினால் டைனமோ சார்ஜ் கொடுக்கவில்லை. வேறொன்று தேடி நுவரெலியாவுக்கும் கண்டிக்கும் அலைந்தேன்.

கடைசியில் வயதான பாஸ் ஒருவர் வந்தார். “டைனமோவில் பிழையில்லை முதலாளி. சும்மா கிடந்து காந்தம் போய்விட்டது” என்றார். இந்தக் காரில் பற்றரியின் பொசிட்டிவ்தான் பொடிக்கு வரும். நெகட்டிவ் முனையிலிருந்து ஒரு வயரை டைனமோவின் ‘எஃப்’ முனையில் இரண்டு மூன்று தடவை தொட்டு எடுத்தார். சார்ஜ் ஏறியது.

அதற்குள் வாங்க வந்தவர் முற்பணத்தைத் திருப்பி வாங்கிப் போய்விட்டார். அவரில் குறையில்லை, வாக்குத் தவறியவன் நான்.

வியாபார நண்பர்களே, கழற்றும்போதே ஒவ்வொன்றுக்கும் பெயர் எழுதிக் கட்டி வையுங்கள். வேலை தெரிந்தவரைக் கேட்காமல் நாள் சொல்லாதீர்கள்.