மனச்சோர்வு நோயை அடையாளம் காணல்

அலுவலக விடுப்பு விண்ணப்பங்களைப் பல ஆண்டுகள் பரிசீலித்தவன் என்ற முறையில் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். முதுகுவலி, வயிற்றுக்கோளாறு, தலைவலி ஆகியவற்றைக் காரணமாகக் காட்டியோர் பலர். மனச்சோர்வு என்று எழுதியவர் எவருமிலர். கூச்சம் மட்டுமே இதற்குக் காரணமன்று. தமக்கு வந்திருப்பது ஒரு நோய் என்பதையே சிலர் அறிந்திருக்க மாட்டார்கள்.

பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16இல் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, மனச்சோர்வு நோயுற்றோரில் நூற்றுக்குச் சுமார் 85 பேர் சிகிச்சை பெறவில்லை. மருத்துவர் பற்றாக்குறை உண்மையே. ஆயினும் நோய் இன்னதென்று வீட்டிலும் பள்ளியிலும் உணரப்படாதவரை, நிதி ஒதுக்கீட்டை உயர்த்துவதால் மட்டும் இந்த இடைவெளி குறையாது என்பது என் கருத்து.

துயரம் வேறு, இந்நோய் வேறு. இழப்பினால் வரும் துயரம் பெரும்பாலும் அலைபோல் எழுந்து தணியும். நோயிலோ, இரண்டு வாரங்களுக்குக் குறையாமல், ஏறத்தாழ நாள் முழுவதும் மனம் தாழ்ந்திருக்கும். அல்லது முன்பு விரும்பிய எதிலும் நாட்டம் இராது. உறக்கமும் பசியும் குறையும், சிலருக்கு மிகும். தாம் பயனற்றவர் என்ற எண்ணமும் சாவைப் பற்றிய நினைவும் தோன்றலாம்.

கடுமை குறைந்து ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் வகையும் உண்டு. அதனை 'அவர் சுபாவமே அப்படி' என்று விட்டுவிடுகிறோம். மகப்பேற்றுக்குப் பின் வருவதை உடற்களைப்பு என்கிறோம். வேறு சிலருக்குச் சோர்வுக் காலங்களுக்கிடையே மிதமிஞ்சிய உற்சாகம், உறக்கம் தேவைப்படாமை, கண்மூடித்தனமான செலவு ஆகியன தோன்றும். இதனை மருத்துவரிடம் அவசியம் தெரிவிக்க வேண்டும்; சோர்வுக்கான மருந்தை மட்டும் உட்கொண்டால் அந்த உற்சாக நிலை முற்றிவிடக்கூடும்.

வளரிளம் பருவத்தினரிடம் நோய் சில வேளைகளில் வருத்தமாகத் தோன்றாமல் எரிச்சலாக வெளிப்படுகிறது. பெற்றோரிடம் சீறுதல், நண்பர்களை விட்டு விலகுதல், பள்ளி செல்லும் காலையில் தலைவலி, மதிப்பெண் சரிவு. இவற்றுக்குத் 'திமிர்' என்று பெயரிட்டுத் தண்டிப்பது எளிது. அவ்வயதில் கோபம் இயல்புதானே எனக் கேட்கலாம். இயல்பான கோபக்காரன் மாலையில் பந்து விளையாடப் போவான். வீடு, பள்ளி, விளையாட்டு மூன்றிலும் பழைய பிள்ளையாக இல்லாமல் வாரக்கணக்கில் மாறியிருப்பவனே கவனத்திற்குரியவன். 'சாக வேண்டும் போல் இருக்கிறதா?' என்று கனிவாகக் கேட்பது அந்த எண்ணத்தை விதைத்துவிடாது. மாறாக, அவன் மனம் திறக்க வழி செய்யும்.

1996இல் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டத்தின்கீழ் மாவட்ட மருத்துவமனைகளில் ஆலோசனை பெறலாம். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகலாகக் கட்டணமின்றி அழைக்கலாம். மருந்து தேவைப்பட்டால், அதன் பயன் தெரியப் பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும். பத்தாம் நாளே 'கேட்கவில்லை' என்று நிறுத்திவிடுவோர் உண்டு. குணம் தெரிந்த பின்னரும் சில மாதங்கள் தொடர வேண்டியிருக்கும்; நிறுத்தும் நாளை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.